கேள்வித்தாளோடு வாசலில் நிற்பவர்

(நமது அறக்கட்டளையின் குடும்பங்கள் சந்திப்பில் செயலாளர் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)



 

கல்வி உதவித்தொகை பற்றித்தான் பேசப்போகிறேன் என்று பலர் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதற்கான விண்ணப்பங்கள் வாசலில் மேசை மேல் இருக்கின்றன. போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது வேறொரு தாளைப் பற்றி. யாரோ ஒருவர் நம் வீட்டு வாசலில் நின்று, பேனாவைத் திறந்துகொண்டு, "உங்கள் வீட்டில் எத்தனை பேர், எது வரை படித்தார்கள், என்ன வேலை" என்று கேட்டு நிரப்புகிறாரே, அந்தக் கேள்வித்தாளைப் பற்றி.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2020-ஆம் ஆண்டின் தொடக்கம். குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி நாடு முழுக்கப் பேச்சாக இருந்த நாட்கள். யார் வந்து எதைக் கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள், எந்தத் தாளையும் காட்டாதீர்கள் என்று நாமே தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் ஒரு மாணவி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நாகல்நகர்ப் பக்கத்து சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகளைப் பற்றி முதுகலைப் பட்டத்துக்கு ஓர் ஆய்வு செய்கிறேன் என்று கல்லூரிக் கடிதத்தையும் காட்டினார். "இப்போது வேண்டாம்மா, போயிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வெயிலில் வந்த பிள்ளைக்கு என் வீட்டார் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் போய்விட்டார்.

ஓரிரு வருடம் கழித்து, அந்த ஆய்வை வழிநடத்திய பேராசிரியரை ஒரு திருமணத்தில் சந்தித்தேன். ஆய்வு நன்றாக வந்ததாகச் சொன்னார். ஒரு குறை மட்டும்: முஸ்லிம்கள் வசிக்கும் தெருக்களில் தகவல் திரட்ட முடியவில்லை என்று அதில் ஒரு வரி எழுத வேண்டியதாகிவிட்டதாம். அந்த ஒரு வரிக்கு நானும் காரணம். ஊரில் படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு புத்தகம் உருவாகியிருக்கிறது. அதில் நம் பிள்ளைகள் இல்லை. நம் தெருவில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் இல்லையா? ஒவ்வொரு ஜூன் மாதமும் அறக்கட்டளை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும், இருக்கிறார்கள்.

அன்றைய அச்சம் பொய்யான அச்சம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரசாங்கத்தின் மீதிருந்த கோபத்தை ஒரு மாணவியிடம் காட்டிவிட்டேன். அதைத்தான் தவறு என்கிறேன்.

எண்ணுவதும் எழுதுவதும் நமக்கு அந்நியமான காரியமா? மதீனாவில் நபி (ஸல்) அவர்கள், இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தாருங்கள் என்று தோழர்களிடம் சொன்னதையும், ஆயிரத்து ஐந்நூறு பேரின் பெயர்கள் எழுதப்பட்டதையும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தியாக புகாரியில் ஓதியிருக்கிறோம். மதரஸாவில் அந்த ஹதீஸை ஓதியபோது எனக்கு அது ஒரு போர்க்காலச் செய்தியாகவே பட்டது. ஒரு சமுதாயம் தன்னைத் தானே எண்ணிப் பார்த்துக்கொண்ட செய்தி அது என்று பின்னால் கல்லூரியில் புள்ளியியல் படிக்கும்போதுதான் உறைத்தது.

உமர் (ரலி) அவர்களின் காலத்தில் குடும்பங்களின் பெயர்களை எழுதி வைத்துக் கொடை கொடுக்கும் திவான் என்ற பதிவேடு ஏற்பட்டது. பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் உதவித்தொகை என்பது அப்போதைய விதி. ஓர் இரவு, ஊர் எல்லையில் தங்கியிருந்த வணிகக் கூட்டத்துக்குக் காவலாக உமர் (ரலி) அவர்கள் சுற்றி வந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. தாயிடம் காரணம் கேட்டார்கள். கேட்பவர் யாரென்று தெரியாத அந்தத் தாய், பால் மறந்தால்தானே உமர் தொகை தருகிறார், அதனால்தான் சீக்கிரம் மறக்கடிக்கப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். காலையில் ஃபஜ்ர் தொழவைக்கும்போது, ஓதுவது மற்றவர்களுக்கு விளங்காத அளவுக்கு அழுதார்களாம். தொழுகை முடிந்ததும், பிறந்த நாளிலிருந்தே தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள்.

இந்தச் சம்பவத்தை நீதிக்கும் இரக்கத்துக்கும் உதாரணமாகப் பயான்களில் நிறையக் கேட்டிருப்போம். நான் அதில் பார்ப்பது இன்னொன்று. விதி நல்ல எண்ணத்தில்தான் போடப்பட்டது. அது ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்தது என்பது அந்த வீட்டில் கேட்டபோதுதான் தெரிந்தது. இன்று பல்கலைக்கழகங்களில் சமூக ஆய்வு என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி இந்த வேலைதான். ஒரு திட்டம், ஒரு சட்டம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தொழிற்சாலை மனிதர்களின் வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது என்று கேட்டு எழுதுவது.

நம்மைப் பற்றி அப்படிக் கேட்டு எழுதியவற்றில் பெரியது சச்சார் குழு அறிக்கை. நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையில் 2005 மார்ச்சில் அமைக்கப்பட்டது. 2006 நவம்பர் 30 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பொருளியல் அறிஞர் அபூசாலிஹ் ஷரீஃப் அதன் உறுப்பினர் செயலாளர். மக்கள்தொகைக் கணக்கு, வங்கிக் கணக்கு, அரசு வேலைக் கணக்கு என்று பல துறைகளில் சிதறிக் கிடந்ததைச் சேர்த்து, முஸ்லிம்கள் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டினார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் நூற்றுக்கு 3, ஐ.பி.எஸ்.ஸில் 4. நமக்குத் தெரிந்ததுதானே என்று தோன்றும். தெரிந்திருப்பது வேறு, நாடாளுமன்றத்தில் எண்ணாக வைக்கப்படுவது வேறு.

என்னைப் போல் மதரஸாவிலிருந்து வந்தவர்களுக்கு அந்த அறிக்கையில் ஒரு முக்கியமான செய்தி இருந்தது. முஸ்லிம் பிள்ளைகள் எல்லாம் மதரஸாவுக்குத்தான் போகிறார்கள், அதனால்தான் பின்தங்கியிருக்கிறார்கள் என்று அதுவரை பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 3 பேர் அளவுக்கே முழுநேர மதரஸாவில் ஓதுகிறார்கள் என்று அறிக்கை காட்டியது. மாலையில் குர்ஆன் ஓதப் போகும் மக்தபை மதரஸா என்று எண்ணிக் குழப்பிக்கொண்டதையும் எடுத்துச் சொன்னது. வருடக்கணக்காக மேடையில் நாம் மறுத்துப் பேசியும் எடுபடாததை ஓர் அட்டவணை சாதித்தது.

தமிழ்நாட்டின் கணக்கு இன்னொரு மாதிரி. 2001 கணக்கெடுப்பில் நாடு முழுதும் முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 சதவீதம். தமிழ்நாட்டு முஸ்லிம்களுக்கு 82.9. மாநிலத்தின் மொத்த சராசரியான 73.5-ஐவிட நாம் மேலே இருந்தோம். இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம். மகிழட்டும், தப்பில்லை. ஆனால் கணக்கெடுப்பில் எழுத்தறிவு என்பதற்குப் பொருள், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரியும் என்பதுதான். நம்மில் பெரும்பாலோர் நகரத்தில் இருக்கிறோம், பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது, அதனால் அந்த எண் உயரும். பத்தாம் வகுப்பு முடித்ததும் மாமுவின் கடைக்கோ, செல்போன் கடைக்கோ, விசா வந்ததும் வளைகுடாவுக்கோ போய்விடும் ஆண் பிள்ளையும் அந்த 82.9-க்குள்தான் இருக்கிறான். சராசரி என்பது அப்படித்தான், அதற்குள் நிறையப் பேர் ஒளிந்துகொள்ள இடம் உண்டு.

அடுத்து இடஒதுக்கீடு. 2007-இல் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனியாக ஒதுக்கப்பட்டது. அது ஒரே நாளில் வந்த பரிசு அல்ல. 1969-இல் அமைக்கப்பட்ட சட்டநாதன் ஆணையம், 1982-இல் அமைக்கப்பட்டு வீடு வீடாகக் கணக்கெடுத்த அம்பாசங்கர் ஆணையம், பிறகு நீதிபதி ஜனார்த்தனம் தலைமையிலான ஆணையம் என்று எத்தனையோ பேர் கேட்டு எழுதிய தாள்கள் அதற்கு அடியில் இருக்கின்றன. பட்டியலில் ஏழு பிரிவுகள்: அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத். லெப்பைப் பிரிவினர் பேசுவது தமிழாக இருந்தாலும் உருதுவாக இருந்தாலும் சரி.

இதைக் கேட்டதும், இஸ்லாத்தில் ஏது பிரிவு என்று ஒரு பெரியவர் முன்வரிசையில் தலையசைப்பது தெரிகிறது. பள்ளிவாசல் ஸஃப்பில் பிரிவு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சான்றிதழ் என்பது அரசாங்கத்தின் மொழி. அரசாங்கத்தின் மொழியில் நம் பெயர் என்ன என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அண்ணன் சான்றிதழில் ஒன்று, தம்பியின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் வேறொன்று, அத்தா சான்றிதழில் வெறுமனே இஸ்லாம் என்று மட்டும். இப்படி வருகிற குடும்பங்கள் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு அலையும் அலைச்சலை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாம் யார் என்ற இந்தக் கேள்வியை ஒருவர் வெளியிலிருந்து வந்து பார்த்திருக்கிறார். மாட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர், 1960-களின் பிற்பகுதியில் சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரத்தில் தங்கித் தமிழ் முஸ்லிம் வணிகர்களை ஆராய்ந்தார். அங்கேயும் தோல் பதனிடும் தொழில்தான். அடுத்த ஊரான குரோம்பேட்டையின் பெயரே குரோம் தோல் கம்பெனியால் வந்தது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய புத்தகம் 1972-இல் வெளிவந்தது. பின்னால் எழுதிய ஒரு கட்டுரையில், சொந்த ஊரில் இருக்கும்போது ராவுத்தர், லெப்பை, மரைக்காயர் என்பதே அடையாளமாக இருப்பதையும், பல பிரிவினரும் கலந்து வாழும் நகரத்துக்கு வந்ததும் முஸ்லிம் என்ற அடையாளம் முன்னுக்கு வந்து மார்க்கப் பற்று கூடுவதையும் கவனித்துச் சொன்னார். நகரத்துக்குப் போனால் மார்க்கம் குறையும் என்பதுதானே நம் வீட்டுப் பெரியவர்களின் பயம்? நேர்மாறாக இருக்கிறது என்றார் அந்த அமெரிக்கர். அவர் சொன்னது முழுக்கச் சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் நத்தத்திலும் வத்தலக்குண்டிலும் இருந்து திண்டுக்கல்லுக்குக் குடிவந்த குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு அவர் நினைவு வராமல் இருப்பதில்லை. நம் பக்கத்துக் கோம்பையைச் சேர்ந்த அன்வர் அவர்கள், தமிழ் முஸ்லிம்களின் வேர்களைத் தேடி 2013-இல் 'யாதும்' என்ற ஆவணப்படம் எடுத்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் அதைப் பாருங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் நமக்கு இதமான செய்திகள். இனிச் சொல்வது அப்படி இல்லை.

இந்த ஊரில் தோல்ஷாப்பு எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் அத்தா ஒரு தோல்ஷாப்பில் கணக்கு எழுதினார்கள். சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கலந்த வாடை அவர்கள் சட்டையில் இருக்கும். அந்த வாடையில்தான் நாங்கள் படித்தோம், பள்ளிவாசலுக்கு விளக்கு வைத்தோம், ஜகாத் கொடுத்தோம். முதலாளிகளில் பலர் நம்மவர்கள். குழிக்குள் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகத்துச் சகோதரர்கள், கூடவே நம்மில் ஏழைகளும். மறைந்த எழுத்தாளர் டி. செல்வராஜ் அந்த வாழ்க்கையைத்தான் 'தோல்' என்ற நாவலாக எழுதி, 2012-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார்.

தோல்ஷாப்புத் தண்ணீர் எங்கே போனது? அதைப் பற்றி அப்போது நாம் பேசவில்லை. ஒரு தொண்டு நிறுவனம் பேசியது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களுக்குப் போய்க் கிணறு கிணறாக எண்ணினார்கள். குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக நெடுந்தூரம் நடந்தார்கள். இந்த எண்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 1991-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு வழங்கிய தீர்ப்பில் நம் ஊர்க் கிணறுகள் இருக்கின்றன. வேலூர்ப் பக்கத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பாழானதாகச் சொன்ன வேளாண் ஆய்வும் அதில் இருக்கிறது. அன்றைக்கு 'திண்டுக்கல் அண்ணா' என்று பெயரிருந்த நம் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், சுத்திகரிக்கும் ஏற்பாடு இல்லாமல் நடத்தக் கூடாது என்றார்கள். கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் உறுதியாக நிலைபெற்றதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னால் ஹைதராபாத்திலிருந்து தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வந்து நம் பகுதி நிலத்தடி நீரை எடுத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

தீர்ப்பு வந்த நேரத்தில் நான் இளைஞன். நம் தொழிலை அழிக்கச் சதி என்று டீக்கடையில் பேசியவர்களில் நானும் ஒருவன். அத்தா மட்டும் பேசவில்லை. கொஞ்ச நாள் கழித்து, "எண்ணிப் பார்த்துதானே சொல்றாங்க, தம்பி" என்றார்கள். அவ்வளவுதான். அடுத்தவன் கிணற்றுத் தண்ணீர் நம் மார்க்கத்தில் எவ்வளவு பெரிய ஹக் என்பதை அவர்கள் மதரஸாவில் ஓதவில்லை. நான் ஓதியிருந்தேன்.

ஆய்வாளரை வாசலில் நிறுத்திவைக்கும்போது நம் மனதில் இந்த இரண்டு பயமும் இருக்கின்றன என்று நினைக்கிறேன். நம்மைப் பற்றிப் பொய் எழுதிவிடுவார்களோ என்பது ஒன்று. உண்மையை எழுதிவிடுவார்களோ என்பது மற்றொன்று.

நம் அறக்கட்டளையின் உண்மை ஒன்றையும் சொல்கிறேன். ஊரடங்கில் அரிசி, பருப்பு மூட்டை கொடுத்தோம். எந்தப் பட்டியலை வைத்து? ஜமாஅத்தில் சந்தா கட்டும் குடும்பங்களின் பதிவேட்டை வைத்து. வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு இருந்த ஒரு லோடு ஆட்டோ ஓட்டுநரின் குடும்பம் அதில் இல்லை. மூன்று பிள்ளைகள். அவர்களும் வந்து கேட்கவில்லை. பக்கத்து வீட்டு இந்து அம்மா கஞ்சி கொடுத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்தது பெருநாளுக்குப் பிறகுதான். சந்தா கட்டாதவர் நம் பதிவேட்டில் இல்லை. தகவல் கொடுக்காத தெரு அந்த மாணவியின் ஆய்வில் இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு அன்று தோன்றியது. இப்போது தெரு வாரியாக, வாடகை வீடுகளையும் சேர்த்து எழுதத் தொடங்கியிருக்கிறோம். பாதிதான் முடிந்திருக்கிறது.

வருகிறவர்களுக்கும் ஒழுங்கு இருக்க வேண்டும். வந்து படம் எடுத்துக்கொண்டு, நம் வீட்டுப் பெண்களிடம் கூசும்படி நாலு கேள்வி கேட்டுவிட்டு, பிறகு எட்டிப்பார்க்காதவர்களும் உண்டு. அதனால் கேளுங்கள்: நீங்கள் யார், எந்தக் கல்லூரி, கடிதம் இருக்கிறதா, எதற்காக, எங்கள் பெயர் வெளியே வருமா, முடிவை எங்களுக்குத் தருவீர்களா. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. பெண்களிடம் பெண்கள்தான் கேட்க வேண்டும் என்று சொல்லலாம். ஆதார் நகலோ, வங்கிப் புத்தகமோ, செல்போனில் வரும் ஓடிபி எண்ணோ எந்த ஆய்வுக்கும் தேவையில்லை. அதைக் கேட்கிறவர் ஆய்வாளர் அல்ல, உடனே எங்களுக்குப் போன் செய்யுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு. 2021-இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக வைத்து நடக்கும் என்று அரசிதழில் வந்திருக்கிறது. 1931-க்குப் பிறகு முதல் முறையாக எல்லாருடைய சாதியையும் கேட்டு எழுதப்போகிறார்கள். அதற்குப் பதில் சொல்வது சட்டப்படி கடமை. நாம் சொல்லும் தகவலை வேறு யாரும் பார்க்கவோ, நமக்கு எதிராக வழக்கில் சாட்சியமாக வைக்கவோ கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, சான்றிதழில் இருப்பது என்ன என்று முன்கூட்டியே எடுத்துப் பாருங்கள். தாய்மொழி தமிழென்றால் தமிழ், உருதுவென்றால் உருது, எது உண்மையோ அது. வேலை என்ன என்று கேட்டால், வீட்டில் உட்கார்ந்து பூ கட்டுகிற, தையல் தைக்கிற ராத்தாவைச் சும்மா இருக்கிறார் என்று எழுத விடாதீர்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. நம் தெருக்களில் படிப்பை நிறுத்திய பிள்ளைகளைப் பற்றிக் கேட்டு எழுத, அடுத்த ஞாயிறு அஸருக்குப் பிறகு நான்கு மாணவிகள் வருகிறார்கள். இருவர் நம் பிள்ளைகள். நாமே கல்லூரிக்குப் போய் அழைத்திருக்கிறோம். அவர்கள் கேட்கப்போகும் கேள்விகள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கின்றன, ஆட்சேபம் இருந்தால் வியாழனுக்குள் என்னிடமோ முத்தவல்லி அவர்களிடமோ சொல்லுங்கள். முடிவுகளை இதே இடத்தில் வந்து நம் முன்னால் படிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதல் வீடாக என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.